பெயரேடும் மனிதனும்



நாம் பிறந்த சில நாட்களுக்குள் நமது பெயர் ஓர் ஏட்டில் ஏறிவிடுகின்றது. அது பிறப்புப் பதிவாளரின் ஏடு. ஐந்து வயதிற் பாடசாலைக்குச் சென்றால் சேர்வு இடாப்பில் ஏறுகின்றது. வயது வந்ததும் வாக்காளர் இடாப்பிலும் ஆட்பதிவுத் திணைக்களத்தின் பதிவிலும் ஏறுகின்றது. மணம் முடித்தால் ஓர் ஏடு. காணி வாங்கினால் ஓர் ஏடு. வைத்தியசாலையிற் படுத்தால் ஓர் ஏடு. ஈற்றிலே, நாம் இல்லாமற் போன பின்னரும் மரணப் பதிவேட்டில் நமது பெயர் இருந்துகொண்டே இருக்கும்.

இவற்றைப் பற்றி நாம் பெரிதும் சிந்திப்பதில்லை. ஏடுகள் வேண்டியனவே. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாத பிள்ளை படும் பாட்டைப் பாடசாலையிற் கடமையாற்றிய எவரும் அறிவர். ஏட்டிற் பெயரில்லாதவனுக்கு வாக்குரிமையும் இல்லை, பங்கீடும் இல்லை, பரீட்சையும் இல்லை.

ஆயினும் ஏடு இருமுகம் கொண்டது. கணினியும் கைத்தொலைபேசியும் பெருகிவிட்ட இக்காலத்தில், தனிமனிதனின் அந்தரங்கம் பற்றியும், அவனை ஓயாது நோக்கிக்கொண்டிருக்கும் கண்கள் பற்றியும் உலகெங்கும் பேசப்படுகின்றது. இது கணினியோடு பிறந்த பிரச்சினையென்று பலர் கருதுகின்றனர். வரலாறு வேறு செய்தி கூறுகின்றது. கணினி வீட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, கடுதாசி அட்டையிலே பேனாவால் எழுதப்பட்ட ஏடுகள் மனிதரின் வாழ்வைத் தீர்மானித்திருக்கின்றன. அந்த வரலாற்றின் சில பக்கங்களை இன்று புரட்டிப் பார்ப்போம்.

அரசு குடிகளைக் கண்காணிப்பது புதிதன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் ஒற்றர்களை வகை வகையாகப் பிரித்துக் கூறுகின்றது. திருவள்ளுவரும் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் பண்டை நாளின் ஒற்றன் ஒரு மனிதன். அவன் ஒரு வேளையில் ஓரிடத்திலேதான் நிற்க முடியும். அவனுக்கு உறக்கம் உண்டு, மறதி உண்டு, சில வேளைகளில் இரக்கமும் உண்டு. அவன் இறந்தால் அவன் அறிந்தவற்றுட் பெரும்பகுதி அவனோடு போய்விடும். அரசன் எவன்மீது ஐயுற்றானோ அவன்மீது மாத்திரமே ஒற்றனின் பார்வை விழுந்தது.

பெயரேடு அத்தகையதன்று. அது யார்மீதும் ஐயுறாமலே எல்லாரையும் எழுதி வைக்கின்றது. அதற்கு மறதி இல்லை. எழுதியவர் இறந்தாலும், எழுதச் சொன்ன அரசு வீழ்ந்தாலும், ஏடு தட்டிலே இருக்கும். அடுத்து வருபவன் அதை எடுத்து வாசிக்கலாம்.

நமது நாட்டு மக்களுக்கு இத்தகைய ஏட்டை நன்கு பழக்கியவர்கள் ஐரோப்பியரே. போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் விரித்தெழுதிய தோம்புகளைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலைத் தோம்பு குடிகளையும் அவர்தம் கடமைகளையும் கூறியது. காணித் தோம்பு நிலத்தையும் அதன் உரித்தையும் கூறியது. அவையன்றிப் பாடசாலைத் தோம்பும் இருந்தது. ஊரிலே நிகழ்ந்த ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் அதிற் பதிந்து வந்தவர் பாடசாலை ஆசிரியரே. வரியும் ஊழியமும் பெறுவதற்காக எழுதப்பட்ட அந்த ஏடுகளை, இன்று நாம் நமது முன்னோரின் வரலாற்றை அறியும் பொருட்டுப் பயன்படுத்துகின்றோம். எழுதியவரின் நோக்கம் ஒன்று, வாசிப்பவரின் நோக்கம் வேறொன்று என்பதற்கு இது நல்ல உதாரணம். இந்த மாற்றம் எப்பொழுதும் நன்மையாகவே முடிவதில்லை. அதைக் காண அந்த ஒல்லாந்தரின் தாய்நாட்டுக்கே செல்வோம்.

ஒல்லாந்து தேசம் பதிவேடு வைப்பதிற் பேர்போனது. ஒவ்வொரு நகரசபையும் தன் எல்லையில் வாழும் ஒவ்வொருவரையும் பதிந்து வைத்திருந்தது. 1930களில் இம்முறை மேலும் செம்மைப்படுத்தப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அவர் வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் அட்டையும் அவரைப் பின்தொடர்ந்து செல்லும். பெயர், பிறந்த நாள், முகவரி, தொழில் என்பவற்றோடு சமயமும் அதில் எழுதப்பட்டிருந்தது. சமயத்தை எழுதியதில் எவரும் தீங்கு காணவில்லை. ஒரு மனிதன் கத்தோலிக்கனா, புரட்டஸ்தாந்தனா, யூதனா என்பது அங்கு வெளிப்படையான செய்தி. அமைதியான நாடு, சட்டத்தை மதிக்கும் மக்கள், நேர்மையான இலிகிதர்கள். அந்த ஏட்டுக்கு அஞ்ச வேண்டிய காரணம் எதுவும் இருக்கவில்லை.

இந்தப் பதிவகங்களின் மேற்பார்வையாளராக இருந்தவர் யாக்கோபஸ் லென்ட்ஸ் என்பவர். தமது தொழிலில் அளவற்ற ஈடுபாடு கொண்டவர். எல்லாருக்கும் அடையாள அட்டை வழங்க வேண்டும் என்பது அவரது விருப்பம். 1940ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒல்லாந்து அரசாங்கம் அந்த யோசனையை ஏற்க மறுத்தது. அது தமது நாட்டின் மரபுக்கு ஒவ்வாது என்பதே காரணம். இரண்டு மாதங்கள் கழிந்தன. மே மாதம் 10ஆம் நாள் ஹிட்லரின் படைகள் எல்லை கடந்தன. ஐந்து நாட்களில் நாடு வீழ்ந்தது.

சொந்த அரசாங்கம் மறுத்த அட்டைக்கு அந்நிய அரசாங்கம் அனுமதி கொடுத்தது. லென்ட்ஸ் வடிவமைத்த அட்டையிலே புகைப்படமும் விரல் அடையாளமும் இருந்தன. அதன் பிரதியொன்று ஹேக் நகரிலே மத்திய பதிவகத்தில் வைக்கப்பட்டது. ஜேர்மனியர் தமது நாட்டில் வழங்கிய அட்டையைக் காட்டிலும் இதைப் போலியாகச் செய்வது கடினமாயிருந்தது. 1941 ஜனவரியில் யூதர்கள் யாவரும் தம்மைத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. யூதக் கலப்புடையோரையும் சேர்த்து ஏறக்குறைய 160,000 பேர் பதிந்துகொண்டனர். மறைந்தவர் மிகச் சிலரே. மறைந்து பயன் என்ன? சமயம் ஏற்கனவே ஏட்டில் இருந்ததே.

அதே ஆண்டில் அம்ஸ்ரர்டாம் நகரசபையின் அலுவலகத்திலே ஒரு வரைபடம் தயாராயிற்று. நகரின் எந்தத் தெருவில் எத்தனை யூதர் வாழ்கின்றனர் என்பதைப் புள்ளிகளாற் காட்டும் படம் அது. பத்து மனிதருக்கு ஒரு புள்ளி. அதை வரைந்தவர்கள் கொலைஞர் அல்லர். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் நகரசபை உத்தியோகத்தர்கள். கேட்ட விபரத்தைக் கேட்ட வடிவிற் கொடுப்பது தமது கடமையென நினைத்தவர்கள்.

1942ஆம் ஆண்டு யூலையிற் புகைவண்டிகள் புறப்படத் தொடங்கின. ஒல்லாந்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட யூதர் ஏறக்குறைய 107,000 பேர். அவர்களுள் உயிரோடு திரும்பியவர் 5,000 பேர் அளவிலேயே இருந்தனர். ஒல்லாந்தின் யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் மாண்டனர். அயல்நாடான பெல்ஜியத்திலே மாண்டவர் நூற்றுக்கு நாற்பது பேரளவிலும், பிரான்சிலே நூற்றுக்கு இருபத்தைந்து பேரளவிலும் இருந்தனர். இந்த வேற்றுமைக்கு வரலாற்றாசிரியர் பல காரணங்கள் கூறுவர். நிலத்தின் அமைப்பு, ஆக்கிரமிப்பு ஆட்சியின் தன்மை, காவற்றுறையின் ஒத்துழைப்பு என்பன அவற்றுட் சில. ஆயினும் செம்மையான பதிவேடும் அவற்றுள் ஒன்றென்பதை அவர்கள் பெரும்பாலும் ஏற்கின்றனர். நன்கு எழுதப்பட்ட ஏடு நன்கு வேலை செய்தது.

இதை அந்நாட்டு எதிர்ப்பியக்கத்தினர் உணர்ந்தனர். சிற்பியான கெரிற் வான் டெர் வேன், ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டேயஸ் ஆகியோர் தலைமையில் ஒரு சிறு குழு கூடியது. 1943ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இரவு, பொலிசாரின் சீருடை அணிந்துகொண்டு அவர்கள் அம்ஸ்ரர்டாம் மக்கட் பதிவகத்துள் நுழைந்தனர். காவலரைக் கொல்லவில்லை. மருத்துவம் கற்ற இளைஞர்கள் அவர்களுக்கு மயக்க மருந்து ஏற்ற, அவர்களைத் தூக்கி வெளியே பாதுகாப்பாகக் கிடத்தினர். பின்னர் இழுப்பறைகளைத் திறந்து, அட்டைகளை நிலத்திற் குவித்து, வெடி வைத்துத் தீ மூட்டினர். தீயணைப்புப் படையினர் வேண்டுமென்றே தாமதித்து வந்தனர். வந்த பின்பு, தீயை அணைக்க வேண்டியதற்கும் மிகுதியாகத் தண்ணீரை இறைத்தனர். நெருப்புக்குத் தப்பிய அட்டைகளை நீராவது அழிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

இத்தனை செய்தும் அழிந்தவை ஏறக்குறைய 15 சதவீதமான அட்டைகளே. இறுக அடுக்கிய கடுதாசி இலகுவில் எரிவதில்லை. குழு காட்டிக்கொடுக்கப்பட்டது. யூலை 1ஆம் நாள் அரொண்டேயஸ் உட்பட 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வான் டெர் வேன் அடுத்த ஆண்டு பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

கதை அத்தோடு முடியவில்லை. ஹேக் நகரிலே பிரதிகள் இருந்தன அல்லவா? எதிர்ப்பியக்கத்தின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிரித்தானிய விமானங்கள் அந்தக் கட்டடத்தின்மீது குண்டு வீசின. பதிவகத்தின் பெரும்பகுதி அழிந்தது. அதனுட் பணியாற்றிக்கொண்டிருந்த ஏறக்குறைய 60 இலிகிதர்களும் மாண்டனர். ஓர் ஏட்டை அழிப்பதற்கு ஒரு நாட்டின் நண்பர்களே அந்நாட்டின் மக்கள்மீது குண்டு வீச நேர்ந்தது. எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் சிந்திப்பது எவ்வளவு இலகு. எழுதிய பின் அழிப்பது எவ்வளவு அரிது!

அந்நியர் ஆக்கிரமித்ததனால் நேர்ந்த விபத்து இது, சுதந்திர நாடுகளில் இவ்வாறு நிகழாது என்று நேயர்களுட் சிலர் எண்ணலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பார்ப்போம். அங்கே குடித்தொகை மதிப்பீட்டில் மக்கள் கூறும் விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும் என்று சட்டம் உறுதி கூறியிருந்தது. அந்த உறுதியை நம்பி 1940ஆம் ஆண்டில் யாவரும் விடையளித்தனர். 1941 டிசெம்பரில் யப்பானோடு போர் மூண்டது. 1942 மார்ச்சில் நிறைவேறிய போர்க்காலச் சட்டமொன்று அந்த இரகசியக் காப்பை நீக்கியது. மேற்குக் கரையோரத்தில் யப்பானிய வம்சத்தவர் எந்தெந்தப் பகுதிகளில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்ற விபரத்தைக் குடித்தொகைப் பணியகம் இராணுவத்துக்கு அளித்தது. ஏறக்குறைய 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது 1988ஆம் ஆண்டில். பணியகத்தின் பணிப்பாளர் தமது திணைக்களத்தின் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது 2000ஆம் ஆண்டில். வாக்குறுதியை மீறுவதற்குச் சில வாரங்கள் போதியனவாயிருந்தன. வருந்துவதற்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

பேரழிவு நிகழாத இடத்திலும் ஏடு தன் எல்லையைத் தாண்டும் என்பதற்குப் பிரித்தானியா சான்று. போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டில் அங்கு தேசிய பதிவுச் சட்டம் பிறந்தது. படைக்கு ஆள் சேர்த்தல், உணவுப் பங்கீடு, நாட்டின் பாதுகாப்பு என்பவையே அதன் நோக்கங்கள். போர் 1945இல் முடிந்தது. அட்டை முடியவில்லை. போரோடு தொடர்பற்ற பல கருமங்களுக்கும் அது பயன்படலாயிற்று. 1950ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் நாள், இலண்டனின் வட பகுதியிலே மோட்டார் வண்டி ஓட்டிச் சென்ற கிளாரென்ஸ் வில்கொக் என்பவரை ஒரு பொலிஸ்காரர் மறித்து அட்டையைக் காட்டும்படி கேட்டார். வில்கொக் மறுத்துவிட்டார். இத்தகைய நடைமுறைக்குத் தாம் எதிரானவர் என்பதே அவர் கூறிய நியாயம்.

வழக்கு மேல் நீதிமன்றம் வரை சென்றது. 1951ஆம் ஆண்டில், பிரதம நீதியரசர் கொடார்ட் பிரபு சட்டத்தின் எழுத்தின்படி வில்கொக் குற்றவாளியே என்றார். ஆனால் ஒரு நோக்கத்துக்காக, அதுவும் போர்க்காலத்தில், இயற்றப்பட்ட சட்டத்தை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, சட்டத்தை மதித்து நடக்கும் குடிகளையும் சட்டத்தின்மீது வெறுப்புக் கொள்ளச் செய்யும் என்று கண்டித்தார். வில்கொக்குக்குத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. 1952 பெப்ரவரியில் அடையாள அட்டை முறையே நீக்கப்பட்டது. ஒரு சாதாரண மனிதன் நடுத்தெருவிலே நின்று கேட்ட கேள்விக்கு ஓர் அரசாங்கம் விடை சொல்ல வேண்டியதாயிற்று. கேள்வி இதுதான்: எதற்காகத் தந்தேன், எதற்காகக் கேட்கிறாய்?

நமது நாட்டிலும் ஓர் ஏட்டின் கதை உண்டு. அதைச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் நேர்மையாகாது. வாக்காளர் இடாப்பு மக்களாட்சியின் அடித்தளம். தேர்தல் நேர்மையாக நடைபெறும் பொருட்டு அது வெளிப்படையாக வைக்கப்படுவது. அதிலே வீட்டின் இலக்கம் உண்டு. வசிப்போரின் பெயர்கள் உண்டு. நமது நாட்டிலே பெயரைக் கொண்டே ஒருவர் எந்த இனத்தவர் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்ற கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்று கண்டோர் கூறிய சாட்சியங்கள் பல நூல்களிற் பதிவாகியுள்ளன. வாக்களிக்கும் உரிமைக்காக எழுதப்பட்ட பெயர், வீட்டின் வாயிலைக் காட்டிக்கொடுக்கும் பெயராயிற்று. அதே காலத்தில் அந்தப் பெயர்களை உடையோரைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்துக் காத்த சிங்கள, முஸ்லிம் அயலவர்களும் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஏடு இரக்கமற்றது, அயலவன் அவ்வாறல்லன்.

அதே 1983ஆம் ஆண்டு முடிவதற்குள், பழைய நினைவுகளாற் பாடம் கற்ற வேறொரு நாட்டிலே ஒரு தீர்ப்புப் பிறந்தது. மேற்கு ஜேர்மனி அந்த ஆண்டு ஏப்ரலிற் குடித்தொகை மதிப்பீடு நடத்தத் திட்டமிட்டிருந்தது. மக்கள் பலர் எதிர்த்தனர்; வழக்குத் தொடர்ந்தனர். அரசியலமைப்பு நீதிமன்றம் முதலில் மதிப்பீட்டை நிறுத்தி வைத்தது. டிசெம்பர் 15ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. தன்னைப் பற்றிய விபரத்தை யாருக்கு, எந்த அளவில், எதற்காக வெளிப்படுத்துவது என்பதைத் தானே தீர்மானிப்பது ஒவ்வொரு மனிதனின் அடிப்படை உரிமை என்பதே அதன் சாரம்.

அத்தீர்ப்பிலே இரு கருத்துக்கள் ஆழ்ந்து நோக்கற்பாலன. ஒன்று: கணினியின் காலத்திலே அற்பமான விபரம் என்று எதுவும் இல்லை. தனித்தனியே பார்த்தாற் பயனற்றதாகத் தோன்றும் விபரங்கள், ஒன்றோடொன்று சேர்க்கப்படும்போது மனிதனின் முழு உருவத்தையும் காட்டிவிடும். மற்றொன்று: தான் செய்வது எங்கே பதியப்படுகின்றது என்று அறியாத மனிதன், பதியப்படலாம் என்ற ஐயத்தினாலேயே தன் நடத்தையை மாற்றிக்கொள்வான். கூட்டத்துக்குப் போக நினைத்தவன் போகமாட்டான். சங்கத்திற் சேர நினைத்தவன் சேரமாட்டான். அதனால் நட்டம் அவனுக்கு மாத்திரமன்று, மக்களாட்சிக்கும் உண்டு.

இனி நம் காலத்துக்கு வருவோம். அன்றைய ஏட்டுக்கும் இன்றைய ஏட்டுக்கும் உள்ள முதன்மையான வேற்றுமை யாது? அன்றைய ஏட்டை ஒருவர் எழுத வேண்டியிருந்தது. இன்றைய ஏடு தன்னைத் தானே எழுதிக்கொள்கின்றது. சட்டைப்பையிற் கிடக்கும் கைத்தொலைபேசி, நாம் பேசாத வேளையிலும் அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பு கொண்டபடியே இருக்கின்றது. அவ்வாறு தொடர்பு கொள்ளாவிடின் நமக்கு வரும் அழைப்பு எங்கே வந்து சேரும்? ஆகவே நாம் எந்த வட்டாரத்தில் இருக்கின்றோம் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வங்கி அட்டை, நாம் எங்கே எவ்வளவு செலவிட்டோம் என்பதைக் குறித்து வைக்கின்றது. இலவசமாகக் கிடைக்கும் செயலி, நாம் எதை விரும்பிப் பார்க்கின்றோம் என்பதைக் கற்றுக்கொள்கின்றது. வாசலுக்கு ஓர் உத்தியோகத்தர் வந்து கேட்டால் நாம் சொல்லத் தயங்குவனவற்றைக் கண்ணாடித் திரையிலே விரலால் தொட்டுத் தொட்டு நாமே ஒப்புவிக்கின்றோம்.

2013ஆம் ஆண்டு யூனிலே, எட்வர்ட் ஸ்நோடென் என்பவர் வெளியிட்ட ஆவணங்கள் உலகை அதிரச் செய்தன. அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம், தன் நாட்டு மக்களின் தொலைபேசி அழைப்புக்களின் குறிப்புகளை மொத்தமாகத் திரட்டி வந்தது என்பது அவற்றால் வெளிவந்தது. பேசியது என்ன என்பதன்று. யார் யாரோடு, எப்பொழுது, எவ்வளவு நேரம் பேசினர் என்பதே அக்குறிப்புகள். இதிலே என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். நள்ளிரவில் ஒருவர் மருத்துவரை அழைக்கின்றார். மறுநாட் காலையில் ஒரு சட்டத்தரணியை அழைக்கின்றார். மாலையிலே காப்புறுதி நிறுவனத்தை அழைக்கின்றார். பேச்சின் ஒரு சொல்லையும் கேளாமலே அவரது இல்லத்தில் நிகழ்ந்ததை நாம் ஊகித்துவிடலாம் அல்லவா? 2015ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இந்த மொத்தத் திரட்டலை நிறுத்தச் சட்டம் இயற்றியது.

ஆப்கானிஸ்தானத்தில் நிகழ்ந்தது அம்ஸ்ரர்டாமின் கதையை மீண்டும் நினைவூட்டுகின்றது. அங்கே அமெரிக்கப் படையினரும், வெளிநாட்டு உதவியோடு ஆப்கான் அரசாங்கமும் பல ஆண்டுகளாக மக்களின் விரல் அடையாளம், கண்மணியின் அமைப்பு, முகம் ஆகியவற்றைப் பதிந்து வந்தனர். படையினருக்குச் சம்பளம் ஒழுங்காகச் சேர வேண்டும், பகைவர் ஊடுருவலாகாது என்பன போன்ற நோக்கங்கள் கூறப்பட்டன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் வீழ்ந்தது. தாலிபான்கள் தலைநகரிற் புகுந்தனர். அந்தப் பதிவுகள் அவர்கள் வசமாயின என்றும், முன்னைய அரசாங்கத்துக்குப் பணி செய்தவர்களை இனங்காண அவை உதவக்கூடும் என்றும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2022ஆம் ஆண்டில் எச்சரித்தது. பெயரையாவது மாற்றிக்கொள்ளலாம், கண்ணை எவ்வாறு மாற்றிக்கொள்வது?

இவற்றையெல்லாம் எடுத்துக் கூறும்போது வழக்கமாக எழும் மறுமொழி ஒன்றுண்டு. "நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. என்னைப் பற்றி யார் அறிந்தால் எனக்கென்ன?" என்பதே அது. நல்ல மனிதர்களே இவ்வாறு சொல்கின்றனர். அவர்களது நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அம்ஸ்ரர்டாமில் தம் சமயத்தை மறைக்காமல் எழுதிக்கொடுத்தவர்களும் ஒரு குற்றமும் செய்தவர்கள் அல்லர். கலிபோர்னியாவிலே மதிப்பீட்டாளருக்கு விடையளித்த யப்பானிய விவசாயியும், கொழும்பிலே வாக்காளர் இடாப்பிற் பெயர் பதிந்த இலிகிதரும் குற்றம் செய்தவர்கள் அல்லர். எது குற்றம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஏட்டில் எழுதப்பட்டவனிடம் இல்லை. ஏட்டை வைத்திருப்பவனிடமே இருக்கின்றது. அவன் நாளை யார் என்பதை இன்று எவரும் அறியார்.

அங்ஙனமாயின் ஏடுகள் யாவற்றையும் எரித்துவிடுவதா? அது பேதைமை. பிறப்புப் பதிவு இல்லாத நாட்டிலே பிள்ளைகளுக்கு ஒழுங்காகத் தடுப்பூசி போடுதல் கடினம். இடாப்பு இல்லாத நாட்டிலே தேர்தல் நடத்த இயலாது. பல நாடுகளின் சட்டங்கள் நடுவழி ஒன்றை நாடி வந்துள்ளன. ஜேர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் 1970ஆம் ஆண்டிலே உலகின் முதலாவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது ஒழுங்குவிதி 2018ஆம் ஆண்டு மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அயல்நாடான இந்தியாவிலே, ஆதார் அட்டையை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதியரசர் புட்டசுவாமி தொடுத்த வழக்கில், 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று தீர்ப்பளித்தனர். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குறித்த நோக்கத்துக்கு மாத்திரமே விபரம் பெறப்பட வேண்டும், அந்த நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் பெறலாகாது, தேவை முடிந்தபின் வைத்திருத்தலாகாது என்னும் கோட்பாடுகளை அது ஏற்றுள்ளது. வில்கொக் தெருவிலே கேட்ட கேள்வி ஈற்றிலே நமது சட்டப் புத்தகத்திலும் இடம்பெற்றுவிட்டது எனலாம். ஆயினும், சட்டம் நிறைவேறிய நாளும் அது நடைமுறையில் முழுப்பயன் தரும் நாளும் ஒன்றல்ல. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் குடிகளே.

அதற்குப் பெரிய கல்வி வேண்டியதில்லை. மூன்று கேள்விகள் கேட்கப் பழகினாற் போதும். இந்த விபரம் எதற்காக வேண்டும்? இதை வேறு யார் பார்ப்பர்? இது எப்பொழுது அழிக்கப்படும்? கடையிலே பொருள் வாங்கும்போது அடையாள அட்டை இலக்கம் கேட்டாலும், செயலி ஒன்று நமது தொலைபேசியிலுள்ள எல்லாப் பெயர்களையும் பார்க்க அனுமதி கேட்டாலும், இம்மூன்றையும் கேட்கலாம். அதனைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. விபரம் திரட்டும் நிலையில் உள்ள நாமும் இவற்றை நம்மை நோக்கிக் கேட்டல் வேண்டும். பாடசாலை அதிபர் ஒருவரின் மேசைக்குக்கூடப் பிள்ளைகளின் குடும்பங்களைப் பற்றிக் கேட்கும் படிவங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. தகப்பன் எங்கே, தாய் எந்த நாட்டில் வேலை செய்கின்றாள், வருமானம் எவ்வளவு என்று வினாக்கள் நீள்கின்றன. பிள்ளை கூசிக்கொண்டு சொல்வதை வகுப்பறையில் எல்லாரும் கேட்க உரத்து வாசித்து எழுதும் வழக்கத்தையாவது ஆசிரியர்களாகிய நாம் விட்டுவிடலாம் அல்லவா? அந்தரங்கத்தை மதிக்கும் பண்பு நீதிமன்றத்திற் பிறப்பதற்கு முன் வகுப்பறையிற் பிறத்தல் வேண்டும்.

அம்ஸ்ரர்டாமிலே அந்தப் புள்ளிப் படத்தை வரைந்த உத்தியோகத்தர்கள் தமது வேலையைச் செவ்வனே செய்தனர். பத்து மனிதருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கிற் பிழை இருந்திருக்காது. அந்தப் புள்ளிகள் எதற்கு என்று அவர்களுள் ஒருவராவது உரிய வேளையிற் கேட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நாம் சொல்ல இயலாது. அத்தகைய படிவம் நமது மேசைக்கு வரும் நாளிலே, நாம் கேட்போமா என்பதை மாத்திரம் இப்பொழுதே தீர்மானித்து வைத்துக்கொள்ளலாம்.